திருப்போரூர் வட்டாரத் தெருப்பெயர்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பகுதியில் திருப்போரூர், மாமல்லபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும், அவற்றைச் சென்னையோடு இணைக்கும் சாலைகளிலும் வழங்கிவரும் தெருப்பெயர்கள், அவை பிறந்த விதம், மாறிய விதம் ஆகியவை பற்றியது இக்கட்டுரை. திருப்போரூரின் பழைய தெருக்கள் கோயிலிலிருந்து பெயர் பெற்றவை. மாமல்லபுரத்துத் தெருக்களில் அரசன், கோயில், கடல் மூன்றும் கலந்திருக்கின்றன. சாலைகளுக்கு அரசு பெயர் வைத்தது. ஆனால் மக்கள் வாயில் நிற்பது பெரும்பாலும் வேறு பெயர்.

தெருக்களுக்கு முன் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட வேண்டும். முருகன் அசுரரோடு மூன்று இடங்களில் போரிட்டான் என்பது தலமரபு. திருச்செந்தூரில் கடற்போர், திருப்பரங்குன்றத்தில் நிலப்போர், இங்கே விண்போர். அந்தப் போரே ஊருக்குப் பெயரானது. சமரம் என்றாலும் யுத்தம் என்றாலும் போர்தான். ஆகவே சமராபுரி, யுத்தபுரி என்ற பெயர்களும் உண்டு. சமராபுரி என்ற பெயர் இன்று எந்தப் பலகையிலும் தேவையில்லை. கந்த சஷ்டி கவசம் ஓதுகிற ஒவ்வொரு வீட்டிலும் அது நாள்தோறும் ஒலிக்கிறது. எழுதி வைத்த பெயரைவிடச் சொல்லப்படுகிற பெயர் நெடுநாள் வாழும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இப்போதுள்ள கந்தசாமி கோயிலை எழுப்பியவர் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிதம்பர சுவாமிகள். மதுரையில் மீனாட்சியம்மையை வழிபட்டு வந்தவர். யுத்தபுரிக்குப் போ என்று அம்மை பணித்ததாகவும், இங்கு வந்து பனங்காட்டில் தேடிப் பனையடியில் மூர்த்தியைக் கண்டெடுத்ததாகவும் சொல்வர். திருப்போரூர்ச் சந்நிதிமுறை என்ற 726 பாடல்கள் கொண்ட நூல் அவர் பாடியது. ஊரையொட்டிய கண்ணகப்பட்டில் அவர் மடம் இருக்கிறது. ஊரின் தெரு அமைப்பும் அந்தக் கோயிலைச் சுற்றியே விரிந்தது.

கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். மாடம் என்றால் அடுக்கு வீடு. மாடங்கள் நிறைந்த வீதி என்ற பொருளில் தேவாரக் காலத்திலேயே வழங்கிய தொடர் அது. பின்னாளில் வீட்டின் உயரம் மறந்து, சுவாமி வலம்வரும் சுற்றுத்தெரு என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஓட்டு வீடு இருந்தாலும் அது மாட வீதிதான். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று திசைச்சொல் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் கோயில் நடுவில் இருப்பதே. வீட்டுக்காரர் நிற்கும் இடத்திலிருந்து திசை பார்ப்பதில்லை. மாசிப் பெருவிழாவில் தேர் இந்த வீதிகளைச் சுற்றி வருகையில் பெயரின் பொருள் கண்ணெதிரே நகர்கிறது. சுவாமிக்கு நேரெதிரே செல்வது சந்நிதித் தெரு.

வீதி, தெரு, சந்து, சாலை என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தேரும் அரசனும் போவது வீதி. மக்கள் குடியிருப்பது தெரு. இரண்டு தெருவுக்கு நடுவே ஒடுங்கிப் போவது சந்து. சாலை என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் வழி என்ற பொருளே முதன்மையாக இல்லை. கல்விக்கும் அன்னதானத்துக்குமான கூடத்தையே அது குறித்தது. காந்தளூர்ச் சாலை என்ற கல்வெட்டுத் தொடரில் வரும் சாலை அத்தகையது. மரங்கள் வரிசையாக நிற்கும் பெருவழி என்ற பொருள் பின்னர் வந்தது. திருப்போரூரில் வீதியும் தெருவும் ஊருக்குள் இருக்க, ஊரைவிட்டு வெளியேறும் வழிகளெல்லாம் சாலை என்றே பெயர் பெற்றன. நெம்மேலி சாலை, இள்ளலூர் சாலை, செங்கல்பட்டு சாலை எல்லாம் சேருமிடத்தின் பெயர் தாங்கியவை. பயணிக்கு இதைவிடப் பயனுள்ள பெயர் கிடையாது. செங்கல்பட்டில் நின்று பார்த்தால் அதே சாலை திருப்போரூர் சாலை. ஒரு வழிக்கு இரண்டு முனையிலும் இரண்டு பெயர், இரண்டும் சரி.

மாமல்லபுரத்தில் கதை வேறு. ஊர்ப்பெயர் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் மாமல்லன் என்ற பட்டத்திலிருந்து வந்தது. அவன் ஆண்டது ஏழாம் நூற்றாண்டு. திருமங்கையாழ்வார் பாடிய பெயர் கடல்மல்லை. மகாபலியோடு சேர்த்துச் சொன்ன மகாபலிபுரம் என்ற வழக்கு ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் நிலைத்து, சாலைப் பெயர் வரை வந்துவிட்டது. ஐரோப்பிய மாலுமிகளோ ஏழு கோயில் என்றே குறித்தார்கள். அரசு ஏற்றுக்கொண்ட பெயர் மாமல்லபுரம்.

ஊருக்குள் கிழக்கு ராஜ வீதியும் மேற்கு ராஜ வீதியும் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலும் தஞ்சாவூரிலும் நான்கு திசைக்கும் ராஜ வீதிகள் உண்டு. கோயிலும் அரசும் சேர்ந்து ஆண்ட ஊர்களின் முதன்மைத் தெருவுக்கு இப்படிப் பெயரிடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். தெற்கே போகிற ஐந்து ரதம் சாலையின் பெயரை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அங்கே நிற்பவை ரதங்கள் அல்ல, ஒற்றைப் பாறையில் குடையப்பட்ட கோயில் வடிவங்கள். பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தருமராஜ ரதம், பீம ரதம் என்ற பெயர்கள் மக்கள் வாயில் பின்னாளில் பிறந்தவை. ஆனாலும் அந்தச் சாலையோரத்துச் சிற்பக் கூடங்களில் உளிச்சத்தம் கேட்கும்போது, பெயர் தவறு என்று எடுத்தெறிய மனம் வருவதில்லை.

இந்த வட்டாரத்துப் பெயர்களிலேயே மிகவும் கவனிக்கத்தக்கது மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெரு. கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடற்கரையை நோக்கிப் போகும் தெரு அது. பக்கத்திலேயே ஒத்தவாடைக் குறுக்குத் தெருவும் உண்டு. உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் கைவினைக் கடைகளும் நிறைந்து, வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் நடமாடும் இடம். வாடை என்றதும் வடகாற்றும் நாற்றமும்தான் பலருக்கு நினைவு வரும். இங்கே வாடை என்பதற்குப் பொருள் வீட்டு வரிசை. ஒற்றைவாடை என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் வீடுகள் உள்ள தெரு. அது பேச்சில் ஒத்தவாடை ஆயிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தப் பெயருடைய தெருக்கள் உண்டு. சென்னையில் பழைய நாடக அரங்கு ஒன்று ஒற்றைவாடைக் கொட்டகை என்றே புகழ் பெற்றது.

இதே எண்ணம் கல்வெட்டிலும் இருக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலையொட்டி நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடற்பெண்களை, குடியேற்றியபோது, ஒவ்வொருவர் பெயரோடும் அவர் வீடு எங்கே என்பதும் கல்லில் வெட்டப்பட்டது. இன்ன தளிச்சேரி, அதில் தென்சிறகு அல்லது வடசிறகு, அந்தச் சிறகில் தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசை போகும். தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசைக்குச் சிறகு என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிறகும் இன்றைய வாடையும் ஒரே பொருள். தபால்காரர் தேடும் முகவரிக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலும் நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று பெயரோடு குறிப்பார்கள். வதி என்பது வழி. வழிக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணுவோர் இவற்றைப் பார்க்க வேண்டும். உலகம் முழுதும் இப்படி இல்லை. ஜப்பான் நகரங்களில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. மனைத்தொகுதிக்கு எண் கொடுத்து அதை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒத்தவாடைத் தெருவில் இன்று இரு புறமும் கட்டடங்கள். ஒரு பக்கம் வெறுமையாய்க் கிடந்த காலத்தைச் சொல்ல அங்கே வேறொன்றும் மிச்சமில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். தலைவர் பெயரோ பூவின் பெயரோ வைக்கிறோம் என்று யாராவது அதை மாற்றினால், அழிவது ஒரு பலகை மட்டுமல்ல.

பெயர் மாறி மறைந்து, பிறகு மண்ணிலிருந்து மீண்ட கதையும் இங்கே நடந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பம், விசயநகர அரசன் சாளுவ நரசிம்மன் பெயரால் வழங்குவது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. 2005-ல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அந்தக் கல்வெட்டுகளின் வழியே ஊரின் முந்தைய பெயர் திருவிழிச்சில் என்று தெரியவந்தது. அதே சுனாமி வேறொரு பெயரையும் தந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள செம்மஞ்சேரியில், வீடிழந்தோரைக் குடியமர்த்திய இடம் சுனாமி குடியிருப்பு என்றே அழைக்கப்படுகிறது. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் தம் முகவரியில் ஒரு பேரழிவை எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் மாற வேண்டும் என்று அவர்கள் விரும்பினால் அது முற்றிலும் நியாயம்.

சாலைகளுக்கு வருவோம். திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை ஒரு காலத்தில் வெறும் மகாபலிபுரம் சாலை. கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை 1990-களில் மேம்பட்டு வந்த பின் இது பழைய மகாபலிபுரம் சாலையாயிற்று. பழைய என்ற அடைமொழி இப்படி அடுத்த சாலை வந்த நாளில்தான் பிறக்கும். 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்து, சிறுசேரி வரை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசைகட்டின. 2008-ல் சாலைக்கு இராசீவ் காந்தி சாலை என்று பெயரிட்டார்கள். பலகையில் அந்தப் பெயர். பேருந்திலும் வீட்டு விளம்பரத்திலும் பேச்சிலும் ஓ.எம்.ஆர்.தான். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு 2022-ல் முத்தமிழறிஞர் கலைஞர் கருணாநிதி சாலை என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. வழக்கில் அது ஈ.சி.ஆர். இவ்விரண்டு சாலைக்கும் நடுவே ஓடும் கால்வாய்க்கு மட்டும் அரசு வைத்த பெயரே நின்றுவிட்டது. 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் அது. 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு மண்வெட்டி நிவாரணம் தேடிய ஏழைகளின் உழைப்பால் அந்தக் கால்வாய் நீண்டது. வெட்டியவர் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

முகவரியின் மேல்வரிகளே அடிக்கடி மாறியிருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமானது. 1997-ல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயரை நீக்கியபோது அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்து, திருப்போரூர் காஞ்சிபுரத்தோடு போயிற்று. 2019 நவம்பர் 29-ல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். ஒரே தலைமுறைக்குள் இத்தனை மாற்றம். மாட வீதியும் சந்நிதித் தெருவும் அப்படியே இருந்தன.

சாதிப்பெயர் தாங்கிய தெருக்கள் தனியே பேச வேண்டியவை. தொழிலும் சாதியும் ஒட்டியிருந்த காலத்தில் ஊர்தோறும் இன்னார் தெரு என்ற பெயர்கள் பிறந்தன. குறைந்த கூலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளானவர்களின் குடியிருப்புக்கு ஊருக்கு வெளியே இடமும், காலனி என்ற பெயரும் கிடைத்தன. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்க உத்தரவு வந்தது. அப்போது சென்னையில் டாக்டர் நாயர் சாலை டாக்டர் சாலை ஆயிற்று. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயர் யார் என்பதே அந்தப் பலகையிலிருந்து போய்விட்டது. நோக்கம் நல்லது. செய்த முறையில் யோசனை குறைவு. 2025 ஏப்ரல் 29-ல் காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப்பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. இழிவைச் சுமத்தும் பெயர் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது, வரலாறு என்று சொல்லி அதைக் காக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றும் முன் பழைய பெயரையும் அது வந்த காரணத்தையும் ஊராட்சிப் பதிவில் ஒரு பக்கமாவது எழுதி வைக்க வேண்டும். ஒடுக்குமுறை இருந்தது என்பதற்கான சாட்சியும் அந்தப் பெயரோடு சேர்ந்து அழிந்துவிடக் கூடாது.

புதிய பெயர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022-ல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்த அதே பூஞ்சேரியில், பல்லவர் கால எழுத்தில் சிற்பிகளின் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன் என்கிறது ஒன்று. குணமல்லன் என்கிறது இன்னொன்று. கல்லைக் குடைந்து இந்தக் கடற்கரையை உலகம் அறியச் செய்த கைகளின் பெயர்கள் அவை. அடுத்த முறை ஒரு தெருவுக்குப் பெயர் தேடி மன்றம் கூடும்போது, உறுப்பினர்கள் பூஞ்சேரிப் பாறை வரை ஒரு நடை போய்வர வேண்டும்.