கப்பலின் காதும் ரப்பரும்

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கியான ‘கேடி துங்கு அப்துல் ரகுமான்’ 2009 செப்டம்பரில் பிரான்சிலிருந்து கிள்ளான் துறைமுகம் வந்து சேர்ந்தது. அதன் படத்தை வகுப்பில் காட்டிப் பாருங்கள். “டீச்சர், இது எத்தனை குண்டு போடும்?” என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு அமைதியா போகும்னு யாரும் கேட்கமாட்டார்கள். நீர்மூழ்கிக்கு உயிரே அந்த அமைதிதான்.

பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? வேகம் கூடினால் பின்னால் உட்கார்ந்தவர் கத்தினாலும் கேட்காது. இஞ்சின் சத்தத்தைவிட, தலைக்கவசத்தை உரசும் காற்றின் இரைச்சல்தான் காதை அடைக்கும். போர்க்கப்பலுக்கும் இதே தொல்லை. அதன் காது சோனார் கருவி. பெரும்பாலும் முன்பக்கம், நீருக்கடியில், ஒரு கூண்டுக்குள் இருக்கும். கூண்டின்மேல் நீர் சுழித்து ஓடும்போது அழுத்தம் ஏறி இறங்கும். அந்த இரைச்சலில் தூரத்து நீர்மூழ்கியின் மெல்லிய ஒலி அமுங்கிப்போகும். மெதுவா போனால் கேட்கும். ஆனால் போரில் மெதுவா போக முடியுமா?

தொடக்கத்தில் கூண்டுகள் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனவை. தகடு அதிரும், அதைத் தாங்க உள்ளே வைத்த சட்டங்கள் ஒலியை மறைக்கும். 1960-களில் அமெரிக்கக் கடற்படைக்கு வழி காட்டியது யார் தெரியுமா? டயர் செய்யும் குட்ரிச் நிறுவனம்! டயரைப் போலவே ரப்பருக்குள் எஃகுக் கம்பி இழைகளைப் பதித்து, காற்றுக்குப் பதிலாக உள்ளே நீரை அழுத்தி நிரப்பினார்கள். உள்சட்டங்கள் தேவையில்லாமல் போயின, இரைச்சலும் குறைந்தது.

அதற்குச் சற்று முன்புதான் மாக்ஸ் கிராமர் என்ற ஜெர்மானிய அறிஞர், டால்பினின் தோலைப் போல நெகிழும் ரப்பர் உறை ஒன்றைச் செய்து, நீரின் உராய்வு பாதிக்குமேல் குறைந்ததாக அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவு கிடைக்கவில்லை. என்றாலும் அந்த எண்ணம் ஆய்வுக்கூடங்களை விட்டுப் போகவில்லை.

ரப்பர் என்றதும் நமக்குத் தோட்டத்து ஞாபகம் வராமல் இருக்குமா? அங்கேதான் ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். 1943, 44-இல் பினாங்கைத் தளமாகக் கொண்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் மலாயா ரப்பரை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பப் புறப்பட்டன, உண்மைதான். எதிரியின் சோனாருக்குத் தப்ப அதே ஜெர்மானியர் சில நீர்மூழ்கிகளுக்கு ‘அல்பெரிக்’ என்ற ரப்பர் உறையும் ஒட்டினார்கள். உடனே “நம் பாட்டி சீவிய பால்தான் அது” என்று மாணவர் எழுதிவிடுவார்கள். எழுத விடாதீர்கள். அந்த உறை செயற்கை ரப்பர்.