நெய்யாட்டும் பிரசவ வரியும்: மூவார்த் தோட்டப்புறத் தமிழரை முன்வைத்து ஒரு நோக்கு

மகப்பேற்றிற்குப் பின் தாயின் வயிற்றில் தங்கும் வரிகளைப் போக்கப்பட வேண்டிய குறையாகக் காண்பது இன்றைய வழக்கம். தமிழ் மரபோ வரியை நீக்குவதைவிட, ஈன்ற உடலைப் பேணுவதையே முதன்மையாகக் கொண்டது. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை சுட்ட முற்படுகிறது.

நற்றிணையின் 40ஆம் பாடலில், ஐயவி எனும் வெண்சிறுகடுகு அணிந்து நெய்யாடிய தாய், பசுநெய் பூசிய மென்மேனியளாய்த் துயில்கிறாள். 370ஆம் பாடலிலும் நெய்யும் ஐயவியும் இடம்பெறுகின்றன. அங்கே கணவன், புதல்வனை ஈன்றவளின் வரியையும் திதலையையும் நயம்படச் சுட்டி விளையாட்டாகப் பேசுகிறான். திதலை என்பதற்குத் தேமல் என்றே பொருள் கொள்வர். மகப்பேறு காணாத மகளிர்க்கும் அது பாடப்படுகிறது. எனவே அதனைப் பிரசவ வரி எனத் துணிதல் பொருந்தாது. எனினும், ஈன்றவளின் மேனிக்குறி இழிவாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் மூவார் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்குக் குடியேறிய தமிழர் எண்ணெய் தேய்த்தல், மஞ்சள் நீராட்டு, வயிற்றுக்குத் துணி கட்டுதல், பத்திய உணவு ஆகியவற்றை உடன் கொணர்ந்தனர். அண்டை மலாய்க் குடும்பங்களிலும் ‘பந்தாங்’ எனும் பேறுகாலக் கட்டுப்பாடும், ‘பெங்கோங்’ எனும் வயிற்றுக்கட்டும், ‘உருட்’ எனும் உடற்பிடிப்பும் வழங்கின. ஆயினும் இப்பராமரிப்புக்கு முதல் தேவை ஓய்வு. விடியுமுன் பால்வெட்டச் செல்லும் பெண்ணுக்கு அது எளிதில் கிட்டுவதன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பை உறுதி செய்தது. 2023 முதல் அது 98 நாளாக உயர்ந்துள்ளது. ஆகவே, எண்ணெய்க் கிண்ணத்தின் வரலாறு உழைப்பு வரலாற்றோடு பிணைந்தது எனலாம்.

எண்ணெய் வரியைத் தடுக்குமா என்பது வேறு வினா. தோலின் உள்ளடுக்கு இழைகள் விரிவைத் தாங்காது சிதைவதால் வரிகள் தோன்றுகின்றன. தொடக்கத்தில் சிவந்தும் பின்னர் வெளிறியும் அமைகின்றன. 800 பெண்களை உள்ளடக்கிய 6 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பாய்வு, பூச்சு மருந்துகள் அவற்றைத் தடுப்பதற்குத் தரமான சான்று இல்லை என்றது. லேசர், டிரெட்டினாயின் முதலியன தோற்றத்தைக் குறைக்கலாம், முற்றாக நீக்குவதில்லை. கருவுற்ற காலத்தில் டிரெட்டினாயின் தவிர்க்கப்பட வேண்டியது.

எனவே, பாட்டியின் எண்ணெயை வரி நீக்கும் மருந்தாகப் போற்றுவதும், பயனற்றதென ஒதுக்குவதும் ஒருசேரப் பிழையாகும். அதன் பயன் தாயைத் தொட்டுப் பேணிய கைகளில் இருந்தது. நற்றிணையைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை எடுத்துரைப்பின், தம் தாயின் வயிற்று வரியை வெட்கத்திற்குரியதாகக் காணாத மாணவரை உருவாக்க இயலும்.