ஜனாதிபதி வேட்பாளர் தெரிவு (இலங்கை)

கட்சிகள் தமது ஜனாதிபதி வேட்பாளரை முடிவுசெய்யும் நடைமுறையும், எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிட்டாதபோது வெற்றியாளரைக் காணும் சட்ட ஏற்பாடும் இதில் அடங்கும். அமெரிக்க ஜனநாயகக் கட்சி 1924 மாநாட்டில் 103 சுற்று வாக்கெடுத்தே ஜோன் டபிள்யூ. டேவிஸைத் தெரிவுசெய்தது. ஆனால் இலங்கையின் பெருங்கட்சிகளில் மாநாடு என்பது பெரும்பாலும் செயற்குழு எடுத்த முடிவுக்குக் கைதட்டும் இடம்.

1978 அரசியலமைப்பு பிரெஞ்சு முறையைத் தழுவியது. பிரான்சில் இரண்டாம் சுற்றுக்கு மக்கள் மீண்டும் வாக்களிக்கிறார்கள். இலங்கையிலோ ஒரே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என விருப்பத்தைக் குறிக்கலாம்; எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிட்டால் அந்த விருப்புகள் எண்ணப்படும்.

வேட்பாளர் போட்டியின் கசப்பை அதிகம் கண்டது ஐக்கிய தேசியக் கட்சி. 1988 இல் ரணசிங்க பிரேமதாச முன்னிறுத்தப்பட, லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் ஒதுங்க நேர்ந்தது. 1991 இல் இருவரும் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையில் முன்னின்று, கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 1993 மே முதலாம் திகதி பிரேமதாச கொல்லப்பட்டதும், பிரதமர் டி. பி. விஜேதுங்கவைப் பாராளுமன்றம் போட்டியின்றித் தெரிவுசெய்தது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. கட்சிக்குத் திரும்பியிருந்த காமினி, எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கான உட்கட்சி வாக்கெடுப்பில் ரணில் விக்கிரமசிங்கவை மூன்றே வாக்குகளால் வென்று வேட்பாளரானார். 1994 ஒக்டோபர் 24 இல் தொட்டலங்கக் கூட்டத்தில் அவர் கொல்லப்பட, மனைவி ஸ்ரீமாவைக் கட்சி நிறுத்தியது. சந்திரிகா குமாரதுங்க 62.28 வீதம் பெற்று வென்றார்.

2019 இலும் அதே கட்சி, அதே இழுபறி. செப்டெம்பர் 26 இல் செயற்குழு சஜித் பிரேமதாசவை ஏற்றது. ஒக்டோபர் 3 மாநாடு அதை உறுதிசெய்தது. வாக்களிப்பு நவம்பர் 16. இவ்வளவு தாமதம் தோல்விக்குத் துணைபோனது என்றே சொல்லவேண்டும். சில மாதங்களில் கட்சியும் பிளந்தது.

ஜனாதிபதி பதவி இடையில் வெறுமையாகி, 2022 ஜூலை 20 இல் பாராளுமன்றமே ஜனாதிபதியைத் தெரிவுசெய்தபோது ஆளும் பொதுஜன பெரமுன இரண்டாகப் பிரிந்து நின்றது: பொதுச்செயலாளர் ரணில் பக்கம், தவிசாளர் ஜீ. எல். பீரிஸ் டலஸ் அழகப்பெரும பக்கம். இரகசிய வாக்கெடுப்பில் ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3.

1982 முதல் 2019 வரை வென்ற அனைவரும் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினர். 2005 இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்துடன் மயிரிழையில் தப்பினார். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் விருப்பு வாக்குகள் முதன்முறை எண்ணப்பட்டன. அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76 வீதம். ஏனையோருக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளிலிருந்து அநுரவுக்கு 105,264 விருப்புகளும் சஜித்துக்கு 167,867 விருப்புகளும் மட்டுமே சேர்ந்தன. அநுர 5,740,179 வாக்குகளுடன் ஜனாதிபதியானார். செல்லுபடியான மொத்த வாக்குகளில் அது பாதியைத் தொடவில்லை.