இலத்தீனில் அச்சமுணர்த்தும் சார்புத்தொடர்கள்

இலத்தீன் பயிலப் புகுவோர் முதலில் இடறும் இடங்களுள் ஒன்று அச்சவினை. திமெயோ, மெத்துவோ, வெரெயோர் ஆகிய வினைகளை அடுத்து 'நே' என்னும் எதிர்மறை இடைச்சொல் வரின் 'நிகழுமோ' என்றும், 'உத்' வரின் 'நிகழாதோ' என்றும் பொருள்கொள்ளல் வேண்டும். எதிர்மறைச் சொல் உடன்பாட்டையும், உடன்பாட்டுச் சொல் எதிர்மறையையும் தருவது முரணாகத் தோன்றும்.

இம்முரணை மொழிவரலாறு விளக்குகிறது. தொடக்கத்தில் இவை இருவேறு வாக்கியங்களாக நின்றன என்பர் இலக்கண அறிஞர். 'திமெயோ, நே வெனியத்' என்பது 'அஞ்சுகிறேன், அவன் வாராதொழிக' என நின்றது. அஞ்சுவது வருகையை, வேண்டுவது வாராமையை. 'உத் வெனியத்' எனின் வேண்டுவது வருகை; அஞ்சுவது வாராமை. தமிழ் அறிந்தார்க்கு இது புதிதன்று. 'அவன் வந்துவிடக் கூடாதே என்று அஞ்சினாள்', 'மகன் நலமாகத் திரும்ப வேண்டுமே என்று அஞ்சினாள்' என நாமும் வேண்டுதலைக் கொண்டே அச்சத்தைச் சொல்கிறோம். ஐரோப்பிய இலக்கண நூல்கள் பக்கக்கணக்கில் விளக்குவதை நம் 'என்று' ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது!

இவ்விரு வாக்கியங்கள் ஒன்றானமைக்குக் காலவடிவமே சான்று. முதன்மை வினை இறந்தகாலமாகித் 'திமெபம்' என நின்றால், 'வெனியத்' என்பது 'வெனிரெத்' எனத் திரியும். தனித்த வேண்டுதலாயின் இத்திரிபுக்கு இடமில்லை. கி.மு. 184 அளவில் மறைந்த பிளாத்துசின் நாடகங்களிலேயே இருவகைத் தொடரும் காணப்படுகின்றன.

கி.மு. 52இல் மிலோவுக்காகச் சிசரோ ஆற்றிய உரையின் முதல் வாக்கியத்திலேயே வெரெயோர், நே தொடர் அமைந்துள்ளது. எனினும் அவர் நடையில் 'உத்' மட்டுமன்றி 'நே நோன்' என்பதும் பயில்கிறது. முதன்மை வினை எதிர்மறையாயின் 'நே நோன்' என்பதே வழக்கு. நோக்கம், விளைவு, உவமை எனப் பல பொருள்களைச் சுமந்த 'உத்' இங்குத் தெளிவு குன்றியதே காரணமாகலாம். கிரேக்க 'மே' இடைச்சொல்லும் இவ்வாறே அச்சவினையோடு இயைவது ஒப்புநோக்கத்தக்கது.

வீரமாமுனிவரின் இலத்தீன்வழிக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அத்தகைய இலத்தீன் நூல்களை மூலத்திலேயே கற்க விழையும் தமிழாய்வாளர், அச்சவினையை அடுத்த 'உத்'தை நோக்கப்பொருளில் கொண்டுவிட்டால் ஆசிரியர் அஞ்சியது ஒன்று, மொழிபெயர்ப்பு உரைப்பது அதற்கு நேர்மாறு என்றாகிவிடும்.