குரங்கணி காட்டுக்கு டிரெக்கிங் போகலாமா? அனுமதி, பாதை, காட்டுத்தீ சீசன்... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

வீக்கெண்டுக்கு எங்கேயாவது மலையேறலாமா என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தால் போதும். யாராவது ஒருத்தர் "குரங்கணி" என்பார். அடுத்த நிமிடமே இன்னொருத்தர் கேட்பார்: "அங்கதானே தீ விபத்து நடந்துச்சு? இப்போ விடுறாங்களா?"

விடுகிறார்கள். ஆனால் பழைய மாதிரி இல்லை. முன்பதிவு, வழிகாட்டி, குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட மாதங்கள் என எல்லாமே மாறிவிட்டது. ஏன் மாறியது, இப்போ எப்படிப் போவது? விரிவாகப் பார்ப்போம்.

குரங்கணி எங்கே இருக்கு?

தேனி மாவட்டம், போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன கிராமம்தான் குரங்கணி. போடி ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து குரங்கணிக்குப் போகும் வழியிலேயே காற்றின் குளிர்ச்சி மாறுவது தெரியும். 2010-ல் வெளியான 'மைனா' படத்தில் பார்த்த மலைகள் ஞாபகம் இருக்கா? அதெல்லாம் இந்தப் பக்கம் எடுத்தவைதான்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வசதி: 2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரல் - போடி ரயில் வாரத்தில் 3 நாட்கள் ஓடுகிறது. போடியிலிருந்து குரங்கணிக்குப் பேருந்துகள் குறைவுதான். நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

மலைக்கு நடுவுல 'ஸ்டேஷன்' எப்படி வந்துச்சு?

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே கொட்டக்குடி பக்கம் பாட்டம் ஸ்டேஷன். ரயிலே இல்லாத மலையில் இத்தனை ஸ்டேஷனா என்று தோன்றும்.

காரணம், தேயிலை. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலத்தில் நிஜமாகவே குட்டி ரயில் ஓடியது. அதன் பேர் குண்டளா பள்ளத்தாக்கு ரயில். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கீழே கொட்டக்குடிக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடிக்குப் போகும். 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் மலையில் தங்கிவிட்டது.

2018 மார்ச் 11-ல் என்ன நடந்தது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு - திருப்பூர் பகுதியிலிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து அன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலர் ஐ.டி. ஊழியர்கள், மாணவிகள். சிலருக்கு அதுதான் முதல் டிரெக்கிங்.

வழியில் காட்டுத்தீ சூழ்ந்தது. சரிவு முழுக்க ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். தப்பிக்கத் திசை தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். முதலில் மேலே ஏறிப் போய் காயமடைந்தவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தவர்களில் குரங்கணி ஊர் மக்களும் இருந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்பில் இறங்கின. சம்பவ இடத்திலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தனர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குரங்கணி - டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலை பாதைக்கு இல்லை என்று அப்போது வனத்துறை சொன்னது. அதாவது சீட்டில் இருந்த பாதை ஒன்று, நடந்த பாதை வேறு. யார், எத்தனை பேர், எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், காப்பாற்ற வருபவர் முதலில் தேட வேண்டியிருக்கும். தீ அதுவரைக்கும் காத்திருக்காது.

தீ ஏன் அவ்வளவு வேகமா பரவுது?

சமதளத்தை விட மலைச்சரிவில் தீ வேகமாக மேலே ஏறும். கீழே எரியும் தீயின் வெப்பம், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். பகல் நேரத்தில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதன் அந்த வேகத்தை ஜெயிக்க முடியாது.

'காடு அரசாங்கத்தோடது... போனா என்ன தப்பு?'

சோஷியல் மீடியாவில் அடிக்கடி வரும் கேள்வி இது. காப்புக்காடு பொதுச்சொத்துதான். ஆனால் பார்க் மாதிரி திறந்து கிடக்கும் இடம் கிடையாது. 1882-ம் ஆண்டு வனச்சட்டப்படி, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

குரங்கணி சம்பவத்துக்குப் பிறகு, 2018-லேயே டிரெக்கிங்கை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

சரி, இப்போ எப்படிப் போறது?

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. குரங்கணிக்கும் இதில் இடம் உண்டு. குரங்கணி - சாம்பலாறு பாதைதான் அது.

▪ 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் மட்டுமே முன்பதிவு. கட்டணம் பாதைக்குப் பாதை மாறும்.

▪ 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

▪ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. வழிகாட்டிகள் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களும்தான். பயிற்சி பெற்றவர்கள்.

▪ பதிவு செய்த பாதையில் மட்டும்தான் நடக்கணும். 'அந்தப் பக்கம் வியூ சூப்பரா இருக்கும்' என்று விலகிப் போகக் கூடாது.

இன்ஸ்டாகிராமில் யாரோ "நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று விளம்பரம் போட்டால், எந்தப் பாதை, அனுமதி யார் பேரில் என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டுவது அப்புறம்.

எந்த மாசம் போகக் கூடாது?

இதுதான் ரொம்ப முக்கியம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, காட்டுத்தீ அபாயம் காரணமாக இந்தப் பாதைகள் மூடப்பட்டன. பனியில் காய்ந்த புல், உதிர்ந்த இலை, ஏறும் வெயில் மூன்றும் சேரும் காலம் அது. குரங்கணி தீ நடந்ததும் மார்ச்சில்தான். கனமழை நேரத்திலும் பாதைகளை மூடுவார்கள். தேதிகள் மாறலாம் என்பதால், லீவு போடும் முன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கொழுக்குமலை போக வேற வழி இருக்கா?

இருக்கு. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்றான கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டிப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து ஜீப்பில் போய் சூரிய உதயம் பார்ப்பவர்கள் ஏராளம். மேலே போனபிறகு, "இங்கிருந்து குரங்கணிக்கு இறங்கிடலாமே" என்று காட்டு வழியில் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பையில் என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாது?

▪ பருத்தி உடை, பிடிமானமுள்ள ஷூ, தேவையான தண்ணீர். தீ என்று வந்தால் சிந்தெடிக் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

▪ தீப்பெட்டி, லைட்டர், சிகரெட், மது வேண்டாம். கேம்ப் ஃபயர் ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க.

▪ ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். காட்டுமாடு உலவும் மலை இது.

▪ பிளாஸ்டிக் குப்பை எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவரணும்.

▪ எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருத்தரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது.

புகை தெரிஞ்சா என்ன செய்யணும்?

முதலில் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். கூட்டமாகவே இருங்கள், சிதறாதீர்கள். தீக்கு மேலே சரிவில் ஏறி ஓடாதீர்கள். காய்ந்த புல் இருக்கும் பக்கத்தையும் ஒடுங்கிய பள்ளத்தையும் தவிர்த்து, வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் போன்ற எரிய எதுவும் இல்லாத பக்கமாக நகருங்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைத்தால் 112.

குரங்கணி கிடைக்கலையா? வேறு சில பாதைகள்

கூடியம் குகைகள் (திருவள்ளூர்): சென்னைக்காரர்களுக்குப் பக்கம். கற்கால மனிதர்கள் வாழ்ந்த தடயங்கள் உள்ள காடு.

லாங்வுட் சோலை (நீலகிரி): கோத்தகிரிக்குப் பக்கத்தில் சுமார் 116 ஹெக்டேர் சோலைக்காடு. 2024-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது.

வட்டக்கானல் - வெள்ளகவி (திண்டுக்கல்): வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு போட மாட்டார்கள். நீங்களும் கழற்றிவிட்டுத்தான் நடக்கணும்.

ஏலகிரி - சுவாமிமலை (திருப்பத்தூர்): புதிதாகப் பழகுபவர்கள் யோசிக்கலாம்.

கடைசியா ஒண்ணு...

அனுமதிச் சீட்டை வெறும் கட்டண ரசீதாகப் பார்க்காதீங்க. நீங்கள் எந்த மலையில், எந்தப் பாதையில், யாரோடு இருக்கிறீர்கள் என்று கீழே ஒருத்தருக்குத் தெரியும் என்பதற்கான சாட்சி அது. மலை எங்கேயும் போகாது. மார்ச்சில் மூடியிருந்தால், மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது போகலாம்.