"கடலுக்க இறங்காதே" மட்டும் போதுமா?

இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது, பல இடங்களில் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரெயில் பாதை மட்டும்தான். 1877இல் போட்ட பாதை. அதைத் தாண்டினால் மணல், பிறகு தண்ணி. இவ்வளவு கிட்ட இருந்தும் எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பற்றி வீட்டில் கிடைத்த ஒரே பாடம் "கடலுக்க இறங்காதே" என்பதுதான். பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் கடுமையாகச் சொல்லப்பட்டது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1980களில் போர் தொடங்க, வடக்குக் கடலில் தடை வலயங்கள் வந்தன. கரையில் பிறந்த சனத்துக்கே கடல் தூரமாகிப் போனது. பிறகு 2004 டிசம்பர் 26. அன்று காலை கொழும்பிலிருந்து இதே பாதையால் போன ரெயில் பெரலியவில் சுனாமியில் அகப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்திய கதையும் எங்கட கதைதான். 1954இல் தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் 1940களிலேயே நீச்சலையும் உயிர்காப்பையும் சேர்த்துப் பழக்கிய கின்றோஸ் கழகம் இருந்தது. 1971இல் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம்.

அதே ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். எங்கட கடல் 27, 28 பாகைச் சூடு. கால்வாயில் கோடையிலும் 16, 18 பாகைதான். சாதனைகளைப் பெருமையாகச் சொல்லும் நாங்கள் இந்த முடிவைச் சோகமாக மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம். அதில் ஒரு பாடமும் இருக்கு: நல்லாய் நீந்தத் தெரிந்தால் மட்டும் காணாது, இறங்கும் தண்ணியையும் தெரிந்திருக்க வேணும்.

அவுஸ்திரேலியாவின் கதை இதற்கு உதவும். சிட்னிக் கரைகளில் பகலில் கடலில் குளிப்பது 1902 வரைக்கும் தடை. சனம் தடையை மீறி இறங்கத் தொடங்க, அடுத்த ஆண்டு மேன்லியில் தடை நீங்கியது. கூடவே மூழ்குவோரைக் காப்பாற்றும் தேவையும் வந்தது. அதிலிருந்து கழகங்கள் பிறந்தன. 1907இல் அவை ஒரு சங்கமாகின. தடை விட்ட இடத்தைப் பயிற்சி பிடித்தது.

எங்கட தண்ணியைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேணும்? மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காலம். மேற்குக் கரை கொந்தளிக்கும். அதே மாதங்களில் அறுகம்பையில் அலைச்சறுக்குக் களைகட்டும். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போகும் வழிதான் இழுவை நீரோட்டம். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் அமைதியாகத் தெரியும் இடத்தை நம்பக்கூடாது. பல தடவை நீரோட்டம் அங்கேதான் இருக்கும். கற்களால் போட்ட அலைத்தடுப்புகளின் ஓரத்திலும் அது உருவாகும். பலமாக இருந்தால் விநாடிக்கு 2 மீற்றருக்கு மேல் இழுக்கும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்த ஏலாது. அலைச்சறுக்குக்காரர் வெளியே போக இதையே வாகனமாக்குவார்கள். மிதக்கும் பலகை கையில் இருப்பதால் அவர்களுக்கு அது சரிவரும். பலகையை விட்டால் அவர்களும் எங்களைப் போலத்தான்.

அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதக்க வேணும், கையை உயர்த்திக் கூப்பிட வேணும். இழுவை தளர்ந்ததும் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடையும் பக்கத்தால் திரும்பலாம். கரையில் நிற்பவர் உடனே பாய்ந்துவிடக்கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது எங்கும் நடக்கிறது. வெறும் தண்ணிக் கானோ, பந்தோ, மிதக்கிற எதையாவது எறியுங்கோ, உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கோ.

இதைப் பழக்க ஒரு பிற்பகல் காணும். எங்கட பாடசாலைகளும் கோயில் சபைகளும் இளைஞர் கழகங்களும் எவ்வளவோ வகுப்பு வைக்கின்றன. ஆனந்தனின் பெயரில் ஒரு நீச்சல் வகுப்பும் வைக்கலாம். பெண்பிள்ளைகளையும் சேர்த்து.