மலைவழியும் வான்வழியும்

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப் பாதையின் நீளம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். வான்வழித் தூரமோ ஏறத்தாழ 1,750. விமானம் அதனை மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது. வடக்கே வாழும் நம்மவர் நன்கறிந்த கணக்கு இது. ஆயினும் இவ்விரு வழிகளின் வேற்றுமையை முற்றும் உணர இடுக்கி மாவட்டத்து எல்லைக்கன்றோ செல்லவேண்டும்!

மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர் தொலைவில் மலை விளிம்பில் இருப்பது டாப் ஸ்டேஷன். 1902-இல் அங்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908-இல் சிறு ரயில் வந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அந்தரத்திலேயே இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பின்னர் வண்டியேறிப் போடிநாயக்கனூர். அப்பால் கப்பலேறி இங்கிலாந்து. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் மலையாளிகள் இதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர்) ரயிலை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. இன்று கொட்டகுடியிலிருந்து காரில் டாப் ஸ்டேஷன் செல்வோர், போடிமெட்டு, மூணாறு எனச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவேண்டும்.

பெட்டிகளுக்கு வடம் இருந்தது. கொழுந்து பறிக்கச் சென்ற தமிழ்க் குடும்பங்களோ, மூட்டை முடிச்சுகளுடன் அம்மலையை நடந்தே ஏறின. குரங்கணி வழியே மேலேறும் ஒற்றையடிப் பாதை இன்றும் உள்ளது.